‘ஒல்லி’ என்ற சொல் எத்தனை சென்டிமீட்டர்?

இணையவழித் துணைதேடும் செயலி ஒன்றைச் சில மாதங்களாகப் பயன்படுத்திவரும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். உயரத்தைச் சென்டிமீட்டரில் எண்ணாகக் கேட்கிற செயலி, உடல்வாகைக் கேட்கும்போது மட்டும் ‘ஒல்லி’, ‘சராசரி’, ‘கட்டான உடல்’, ‘கொஞ்சம் பூசினாற்போல’ என்று சில சொற்களை நீட்டி, அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஏன்? ‘சராசரி’ என்று குறித்திருந்த ஒருவரை நேரில் சந்தித்தபோது, சொல்லுக்கும் ஆளுக்கும் பொருத்தமே இல்லை என்று அவருக்குத் தோன்றியதாம். அவர் பொய் சொன்னாரா, அல்லது நான்தான் தவறாகப் படித்தேனா என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருந்தார். இரண்டுக்கும் இடமில்லாமலேயே இப்படி ஒரு ஏமாற்றம் நேர முடியும் என்பதும், அது எப்படி நேர்கிறது என்பதற்கு மிக அழகான ஒரு கணக்கு இருக்கிறது என்பதும்தான் என் பதில்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். ‘ஒல்லி’, ‘பருமன்’ போன்ற சொற்களுக்கு எல்லைக்கோடு கிடையாது. மணற்குவியலிலிருந்து ஒவ்வொரு மணலாக எடுத்துக்கொண்டே போனால் எந்த மணலோடு அது குவியல் என்ற பெயரை இழக்கிறது என்ற புதிரை, கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கச் சிந்தனையாளர் யுபுலிடிஸின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஒரு கிராம் கூடியதால் யாரும் ஒல்லியிலிருந்து சராசரிக்கு மாறுவதில்லை என்பதும் அதே புதிர்தான். அப்படியானால் சொல்லை விட்டுவிட்டு எண்ணைக் கேட்டால் போதாதா என்றால், போதாது. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைக்கும் உடல் நிறை குறியீடு, 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியக் கணிதவியலாளர் கெட்லே மக்கள்தொகையின் பொதுப்போக்கை ஆராயக் கண்ட விகிதம். அதற்கு இன்றைய பெயரை 1972இல் வழங்கியவர் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ். 170 சென்டிமீட்டர் உயரமும் 75 கிலோ எடையும் உள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் குறியீடு 26க்குச் சற்றுக் குறைவு. அதிக எடை தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் 25 என்ற எல்லையை இருவருமே தாண்டியவர்கள். ஆனால் ஒருவர் நாள்தோறும் பளு தூக்குபவர், மற்றவர் நாற்காலியை விட்டு எழாதவர். கொழுப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம், கொழுப்பு நீங்கலான உடலின் அடர்த்தி ஏறத்தாழ 1.1 கிராம் என்பதால், எடை ஒன்றாக இருந்தும் அவர்கள் அடைக்கும் இடமும் தோற்றமும் ஒன்றாக இருப்பதில்லை. உடல்வாகு என்பது ஒற்றை அளவு அன்று. பல அளவுகளைச் சேர்த்துக் கண் எடுக்கும் ஒரு முடிவு.

(1940களில் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஷெல்டன் மனித உடல்களை மூன்று வகைகளாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு குணத்தையும் ஒட்டவைத்தார். குணத்தைப் பற்றிய அந்தப் பகுதியை அறிவியல் எப்போதோ கைவிட்டுவிட்டது என்றாலும், உடற்பயிற்சி விளம்பரங்களில் அந்த மூன்று பெயர்களும் இன்றும் உலவுகின்றன. உடலைப் பார்த்துக் குணம் சொல்லும் எந்தச் சாத்திரத்தையும் நான் ஏற்பதில்லை. அதற்கு ஆங்கிலப் பெயர் சூட்டிவிட்டால் மட்டும் அது அறிவியலாகிவிடாது.)

இனி மக்கள் உண்மையில் எந்தச் சொற்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார்ப்போம். ஆல்பர்ட் கிம், அட்ரியானா எஸ்கோபீடோ-லேண்ட் ஆகிய இருவரும் புள்ளியியல் மாணவர்களின் பயிற்சிக்காக 2015இல் ஒரு தரவுத்தொகுப்பை வெளியிட்டார்கள். ஓகேக்யூபிட் என்ற துணைதேடும் தளத்தில் 2012 ஜூன் மாதம் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்திலிருந்து இயங்கிவந்த 59,946 பேரின் விவரங்கள், அந்நிறுவனத்தின் அனுமதியோடு அதில் இடம்பெற்றன. அதிலும் உயரம் எண்ணாகவும் உடல்வாகு சொல்லாகவும்தான் இருந்தன. ‘சராசரி’ என்று குறித்தவர்கள் 14,652 பேர். ‘உடல்தகுதி உள்ளவர்’ என்ற பொருள்படும் சொல்லை 12,711 பேரும், ‘விளையாட்டு வீரர் போன்ற உடல்’ என்பதை 11,819 பேரும் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, மூன்றே சொற்களுக்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அடங்கிவிட்டார்கள். மறுமுனையில் ‘கொஞ்சம் கூடுதல்’ என்று 2,629 பேரும், ‘நிறைவான உடல்’ என்று 1,009 பேரும் குறித்திருக்க, ‘எடை மிகுந்தவர்’ என்று நேரடியாகச் சொன்னவர்கள் வெறும் 444 பேர், அதாவது நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் வயதுவந்தோரில் மூன்றில் ஒருவருக்கும் மேல் மருத்துவ வரையறைப்படி உடல் பருமன் உடையவர்கள். அந்த நகரத்தின் இளைய பயனர்களை நாடு முழுவதோடும் ஒப்பிடுவது சரியில்லைதான். ஆனாலும் இந்த இடைவெளி முழுவதையும் வயதும் ஊரும் மட்டுமே விளக்கிவிடும் என்று நான் நம்பவில்லை.

இங்கே ‘எல்லோரும் பொய் சொல்கிறார்கள்’ என்று முடித்துவிடுவது எளிது. 1982இல் எகனாமெட்ரிகா என்ற பொருளியல் ஆய்விதழில் பொருளியலாளர்கள் வின்சென்ட் கிராஃபோர்டும் ஜோயல் சோபலும் எழுதிய கட்டுரையைப் படித்தவர்களால் அவ்வளவு எளிதில் முடிக்க முடியாது. சொல்வதற்குச் செலவில்லாத, அந்த இடத்திலேயே சரிபார்க்க முடியாத பேச்சு எப்போது நம்பத்தக்கதாகிறது என்பதுதான் அவர்களுடைய கேள்வி. துணைதேடல் அவர்கள் மனத்தில் இருந்திருக்காது. ஆனால் அவர்களுடைய கணக்கு இதற்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்துகிறது.

மேசைமேல் 60 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்று கிடப்பதாக வைத்துக்கொள்வோம். மிகப் பருமனான உடல் சுழியத்திலும் மிக ஒல்லியான உடல் 60இலும் இருக்க, இடைப்பட்ட எல்லா இடங்களிலும் ஆட்கள் சீராகப் பரவியிருக்கிறார்கள். (ஒல்லிதான் உயர்வு என்று நான் சொல்லவில்லை, பலர் அந்தத் திசையில் சற்றுத் தள்ளித் தெரிய விரும்புகிறார்கள் என்பது மட்டுமே இங்கே தேவை.) ஒவ்வொருவரும் தம் உண்மையான இடத்தைவிட 3 சென்டிமீட்டர் ஒல்லிப் பக்கமாகத் தெரிய விரும்புகிறார்கள் என்று கொள்வோம். மூன்றுக்கு மேல் யாரும் ஆசைப்படவில்லை, ஏனென்றால் ஒருநாள் நேரில் சந்தித்தாக வேண்டும், அன்று எதிரில் இருப்பவரின் முகம் வாடுவதை யாரும் விரும்புவதில்லை. படிப்பவரோ உண்மையான இடத்தையே அறிய விரும்புகிறார்.

இப்போது செயலி சொல்லைக் கேட்காமல் துல்லியமான எண்ணைக் கேட்டால் என்ன ஆகும்? 25இல் இருப்பவர் 28 என்று எழுதுவார். எல்லோரும் மூன்றைக் கூட்டுகிறார்கள் என்று தெரிந்ததும், படிப்பவர் மூன்றைக் கழித்துப் படிக்கத் தொடங்குவார். கழிக்கிறார்கள் என்று தெரிந்ததும் எழுதுபவர் ஆறைக் கூட்டுவார். பிறகு ஒன்பது. இந்த ஓட்டத்துக்கு முடிவே இல்லை; எண் துல்லியமாக இருந்தும் அதன் பொருள் கரைந்துபோகிறது.

எண்ணை எடுத்துவிட்டு மூன்று சொற்களை மட்டும் வையுங்கள். சுழியம் முதல் 8 வரை ‘பருமன்’, 8 முதல் 28 வரை ‘சராசரி’, 28 முதல் 60 வரை ‘ஒல்லி’. ஒரு சொல்லைக் காணும் படிப்பவர், அந்தப் பகுதியின் நடுப்புள்ளியைத்தான் ஊகிப்பார்: ‘பருமன்’ என்றால் 4, ‘சராசரி’ என்றால் 18, ‘ஒல்லி’ என்றால் 44. 27இல் இருக்கும் ஒருவர் 30ஆகத் தெரிய விரும்புகிறார். ‘சராசரி’ என்று குறித்தால் 18ஆகக் கருதப்படுவார். அது அவர் விருப்பத்துக்கு 12 குறைவு. ‘ஒல்லி’ என்று குறித்தாலோ 44 என்ற எதிர்பார்ப்பு எழுந்துவிடும். அது 14 அதிகம். ஆகவே ‘சராசரி’ என்றே குறிக்கிறார். 30இல் இருப்பவர் விரும்புவது 33. அவருக்கு ‘சராசரி’ 15 தொலைவு, ‘ஒல்லி’ 11 தொலைவு என்பதால் அவர் ‘ஒல்லி’யைத் தேர்ந்தெடுக்கிறார். சரியாக எல்லையான 28இல் நிற்பவருக்கு மட்டும் இரண்டு சொற்களும் ஒரே தொலைவு. 8 என்ற எல்லையிலும் இதே சமநிலை இருப்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். யாரும் தம் சொல்லை விட்டு அடுத்த சொல்லுக்குத் தாவ விரும்பவில்லை. கூடுதலாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை மாறாமல் இருந்தும் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை! அவர்களை அந்த இடத்தில் நிறுத்துவது நல்லொழுக்கம் அன்று, சொற்களுக்கு நடுவிலுள்ள பெரிய இடைவெளிதான். எண்ணில் ஓரடி எடுத்து வைக்க முடியும். சொல்லில் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். மங்கலான சொல் தெளிவான எண்ணைவிட நேர்மையைக் காக்கிறது என்ற இந்த முடிவை முதன்முறை படித்தபோது, தாளில் மூன்று முறை போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

இதைவிடச் சுவையான ஒன்று அந்தப் பகுதிகளின் நீளத்தில் ஒளிந்திருக்கிறது. 8, 20, 32: ஒவ்வொன்றும் முந்தியதைவிட 12 அதிகம். இது தற்செயல் அன்று. விருப்பத்துக்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளியின் நான்கு மடங்கு அளவுக்கு ஒவ்வொரு சொல்லும் முந்திய சொல்லைவிட விரிந்தாக வேண்டும் என்பதை, எல்லையில் நிற்பவருக்கு இரண்டு சொற்களும் ஒரே தொலைவில் இருக்க வேண்டும் என்ற அந்தச் சமநிலையே கட்டாயமாக்குகிறது. எந்தத் திசையில் தெரிய விரும்புகிறோமோ, அந்தத் திசையிலுள்ள சொற்கள் அகலமாகவும், மறுதிசைச் சொற்கள் குறுகலாகவும் அமைகின்றன. ஆகவே ‘பருமன்’ என்று ஒருவர் தம்மைக் குறித்துக்கொண்டால் அது மிகத் துல்லியமான தகவல். ‘ஒல்லி’ என்பது அளவுகோலின் பாதிக்கு மேல் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மேலே சொன்ன தரவில், பெருமைக்குரிய ஓரிரு சொற்களுக்குள் பல்லாயிரம் பேர் நெருக்கியடித்து நிற்க, மறுமுனையில் சில நூறு பேருக்கும் ஆயிரம் பேருக்குமாகத் தனித்தனிச் சொற்கள் சிதறிக் கிடந்ததை நினைத்துப்பாருங்கள். அது இந்தக் கணக்குக்கு நிரூபணம் ஆகாது. அங்கே ஆட்கள் சீராகப் பரவியிருக்கவும் இல்லை, சொற்கள் ஒரே கோட்டில் அமையவும் இல்லை. இருந்தும் வடிவம் ஒத்துப்போகிறது.

விருப்ப இடைவெளி 3 சென்டிமீட்டரிலிருந்து 1 ஆகக் குறைந்தால், அதே அளவுகோலில் ஐந்து சொற்கள் பிழைக்கும். அவற்றின் நீளங்கள் 4, 8, 12, 16, 20. இடைவெளி 15ஐ எட்டிவிட்டால் எந்தச் சொல்லுக்கும் பொருள் இராது. எல்லோரும் ஒரே சொல்லைக் குறிப்பார்கள், படிப்பவரும் அதைப் படிக்காமலே கடந்துவிடுவார்.

அப்படியானால் நடைமுறையில் இடைவெளி எவ்வளவு? கேட்டலினா டோமா, ஜெஃப்ரி ஹேன்காக், நிக்கோல் எலிசன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நியூயார்க்கில் துணைதேடல் தளங்களைப் பயன்படுத்திய 80 பேரை நேரில் வரவழைத்து, உயரத்தை நாடாவாலும் எடையை எடைப்பொறியாலும் அளந்து, வயதை அடையாள அட்டையில் சரிபார்த்து, அவர்கள் எழுதியிருந்தவற்றோடு ஒப்பிட்டார்கள். ஐந்தில் நான்கு பேர் இம்மூன்றில் ஒன்றிலாவது மாற்றிச் சொல்லியிருந்தார்கள்; அடிக்கடி மாற்றப்பட்டது எடை. ஆனால் மாற்றத்தின் அளவு பெரும்பாலும் சிறியது, நேரில் பார்த்தால் எளிதில் கண்ணுக்குத் தட்டுப்படாத அளவு. பலர் கொஞ்சமாகக் கூட்டுகிறார்கள், சிலரே நிறையக் கூட்டுகிறார்கள். அளவுகோலின் 3 சென்டிமீட்டர் வெறும் கற்பனை அன்று என்று எனக்குத் தோன்றியது இந்த ஆய்வைப் படித்த பிறகுதான். இத்தகைய ஆய்வுகளுக்குப் பொதுப்பணம் ஒதுக்கும்போதெல்லாம் ‘காதல் செயலிக்கெல்லாம் ஆராய்ச்சியா’ என்று கேலி எழுவதுண்டு. கோடிக்கணக்கான மனிதர்கள் துணையைத் தேடும் இடத்தின் தரவு முழுவதும் நிறுவனங்களின் பூட்டிய அறைகளில் இருக்கும்போது, எடைப்பொறியோடு 80 பேரை வரவழைத்து அளப்பது என் கணக்கில் மலிவான, பயனுள்ள அறிவியல்.

சொல்லைப் படிப்பவரின் பக்கத்திலும் ஒரு நழுவல் உண்டு. உளவியலாளர்கள் டேவிட் லெவாரி, டேனியல் கில்பர்ட் உள்ளிட்டோர் 2018இல் செய்த சோதனையில், ஊதாவிலிருந்து நீலம் வரையிலான புள்ளிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, நீலமா இல்லையா என்று கேட்டார்கள். நீலப் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்கக் குறைக்க, முன்பு ஊதா என்று சொன்ன புள்ளிகளையே மக்கள் நீலம் என்று சொல்லத் தொடங்கினார்கள். நீலம் குறையப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்தும், தீர்ப்பை மாற்றாதிருந்தால் பணம் தருவதாகச் சொல்லியும் பயனில்லை. கண்முன் வந்துபோகும் கூட்டத்துக்கு ஏற்ப ‘நீலம்’ என்ற சொல்லின் எல்லை தானாக நகர்ந்தது. ஒரு மாலையில் நூறு படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பவருக்கு, அவற்றில் பெரும்பாலானவை நல்ல வெளிச்சத்தில், நல்ல கோணத்தில் எடுத்துப் பொறுக்கியவையாக இருக்கும்போது, ‘சராசரி’ என்ற சொல்லின் எல்லை எந்தப் பக்கம் நகர்ந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமன்று.

ஆகவே வாசகரின் சந்திப்பில் நடந்திருக்கக்கூடியது இது: அவர் ‘சராசரி’ என்ற சொல்லைக் கண்டு 18ஐ எதிர்பார்த்தார், பல வாரங்களாகப் பார்த்த படங்களின் விளைவாக அந்த 18உம் ஒருவேளை 22ஆகியிருந்தது, எதிரே வந்து அமர்ந்தவரோ 10இல் இருந்தார். 10இலிருந்து பார்த்தால் ‘சராசரி’ என்பது முழு நேர்மையான சொல். இதை எழுதி அனுப்பிவிட்டு, உங்கள் பக்கத்தில் நீங்கள் எந்தச் சொல்லைக் குறித்திருக்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தேன். மறுநாள் பதில் வந்தது. அவரும் ‘சராசரி’தானாம், ‘கட்டான உடல்’ என்று குறிக்கலாமா என்று வெகுநேரம் யோசித்தாராம், நேரில் பார்த்தால் மாட்டிக்கொள்வோமே என்று விட்டுவிட்டாராம்.