டோக்கன் போடும் முன் ஒரு தாளில் பெயர் எழுதுங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைவரிசையில், மாடியில் இருக்கிறது என் வழக்கறிஞர் அலுவலகம். நிலக் கிராண்ட், வங்கிக் கடன், குடும்ப வழக்கு என்று வருகிறவர்களுக்கு நடுவே கொஞ்ச காலமாகப் பாட்டை என்எஃப்டி என்ற டிஜிட்டல் டோக்கனாக விற்க நினைக்கும் பாட்டுக்காரப் பிள்ளைகளும் படியேறி வருகிறார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை, கதவடைக்கும் நேரத்தில் ஒரு தம்பி வந்தான். 23 வயது. தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு குடும்பம் தாமான் வீட்டுக்கு மாறிவிட்டது. பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் அறைக்குள் பாட்டு. "அக்கா, இதை என்எஃப்டியா விக்கப் போறேன். அக்ரிமெண்ட் ஏதாச்சும் வேணுமா?" என்றபடி கைப்பேசியை மேசைமேல் வைத்துப் பாட்டை ஓடவிட்டான். நல்ல பாட்டு. இரண்டாம் சரணத்துக்கு முன் உறுமி நுழையும் இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"இந்த உறுமி யார் வாசிச்சது?" என்றுதான் முதலில் கேட்டேன்.

கோயில் திருவிழாவில் வாசித்த ஒரு மாமாவுடையதாம். கூட்டத்தில் நின்று போனில் பதிவு செய்திருக்கிறான். அவரிடம் கேட்கவில்லை. பின்னணி பீட் யூடியூபில் ஒருவரிடம் 30 டாலருக்கு எடுத்தது. பல்லவியைப் பாடியவள் கூடப் படித்த தோழி. அவளிடம் பேச்சு ஏதும் இல்லை, "நம்ம பிள்ளைதானே அக்கா" என்றான்.

அவன் ஏன் என்எஃப்டியைத் தேடி வந்தான் என்பது எனக்குப் புரிகிறது. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டின் ஒலிப்பதிவுக்கு ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை. தாண்டினாலும் ஒரு தடவைக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். அதே பாட்டை 100 பேர் ஆளுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினால் 2,000 வெள்ளி. ஊரில் உண்மையாகவே அவன் பாட்டைக் கேட்கிற 100 பேர் இருக்கிறார்கள். இடையில் பாட்டுக் கம்பெனி இல்லை, எந்தக் கணக்கு வாங்கியது என்பதும் கண்முன்னே தெரியும். தனியாகப் பாடுகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் என்எஃப்டி என்பது பாட்டு அல்ல. பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில் "இந்த எண்ணுள்ள டோக்கன் இந்த வாலட்டுக்குச் சொந்தம்" என்று எழுதப்படும் ஒரு வரி. வாலட் என்றால் டிஜிட்டல் பணப்பை. பாட்டுக் கோப்பு பெரும்பாலும் வேறெங்கோ இருக்கும், டோக்கன் அதற்கு வழி காட்டும், அவ்வளவுதான். அந்த இடம் மூடப்பட்டால் வழி மட்டும் மிஞ்சும். அமெரிக்காவின் கோச்செல்லா இசை விழா 2022 தொடக்கத்தில் வாழ்நாள் நுழைவுச்சீட்டுகளை எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நாணயத் தளம் வழியாக என்எஃப்டியாக விற்றது. அதே ஆண்டு நவம்பரில் எஃப்டிஎக்ஸ் திவாலானது. வாங்கியவர்களின் டோக்கன்கள் அந்தத் தளத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டன.

"மறுபடி மறுபடி கைமாறும்போதெல்லாம் எனக்கு 10 விழுக்காடு வரும்" என்று தம்பி நம்பியிருந்தான். இந்த ஆசையைத்தான் விற்கிறவர்கள் அதிகம் காட்டுகிறார்கள். எத்தீரியம் என்ற பிளாக்செயினில் இதற்கென வந்த இஐபி-2981 என்ற முறை, படைப்பாளிக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பதைத் தெரிவிக்கும். கொடுத்தே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தாது. கட்டாயம் சந்தைத் தளங்களின் கையில் இருந்தது. 2023 ஆகஸ்டில் ஓபன்சீ என்ற என்எஃப்டி சந்தைத் தளம் அந்தக் கட்டாயத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆகவே மறுவிற்பனைப் பங்கை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டாம். 2021 மார்ச்சில் கிங்ஸ் ஆஃப் லியோன் என்ற அமெரிக்க ராக் குழு ஆல்பத்தை என்எஃப்டியாக விட்டுச் சுமார் 20 லட்சம் டாலர் ஈட்டியதையும் உதாரணமாகச் சொல்வார்கள். உலகம் முழுக்க ரசிகர்களைச் சேர்த்துவிட்டுக் கடை திறந்தவர்கள் அவர்கள்.

இனி என் தொழில் சார்ந்த பகுதி. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

டோக்கனை விற்றால் பதிப்புரிமை கைமாறாது. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றித் தர எழுத்து வேண்டும். வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கிறது, வீட்டில் கேட்பதற்கா, விளம்பரத்தில் போடுவதற்கா என்பதை விற்பனைப் பக்கத்திலேயே தமிழில் எழுதிவிடுங்கள். பாட்டு என்பது ஒரே பொருளும் அல்ல. வரி ஒன்று, மெட்டு ஒன்று, ஒலிப்பதிவு வேறொன்று. ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தவர் யாரோ அவரையே சட்டம் அதன் படைப்பாளியாகப் பார்க்கிறது. பணம் கொடுத்து ஒருவரிடம் ஒரு படைப்பைச் செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை செய்யச் சொன்னவருக்குப் போகும். பல பிள்ளைகளுக்கு இது தெரியாது. ஒரு நிகழ்ச்சிக்காரர் 500 வெள்ளி கொடுத்து "எனக்கொரு பாட்டுப் போட்டுக் கொடு" என்கிறார். பிள்ளையும் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடம் அதே பாட்டை டோக்கனாக விற்க நினைக்கிறான். அவன் கையில் உரிமையே இருக்காது.

யூடியூப் பீட்டின் உரிமத்தை நான் வரிவரியாகப் படித்தேன். தம்பி வாங்கியது வாடகை உரிமம். அதே பீட்டை இன்னும் எத்தனை பேருக்கும் அதைச் செய்தவர் கொடுக்கலாம். இத்தனை தடவைதான் ஓடலாம் என்ற வரம்பும் இருந்தது. டோக்கனாக விற்கலாம் என்ற அனுமதி எங்கும் இல்லை. உறுமி மாமா விஷயம் இன்னும் கனமானது. தன் நேரடி வாசிப்பைத் தன் சம்மதமில்லாமல் பதிவு செய்வதைத் தடுக்கும் உரிமை வாசிப்பவருக்கு நம் சட்டத்தில் உண்டு. ஆனால் சட்டத்தைச் சொல்லி அவனைப் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை. நம் தோட்டங்களில் உறுமிக்காரருக்குத் திருவிழா முடிந்ததும் சோறும் சம்பளமும் கொடுத்து அனுப்பிவிடுவோம். வாசித்தவர் பெயரை ஒருநாளும் யாரும் எழுதி வைத்ததில்லை. அந்தக் கவலைதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இந்த இடத்தில்தான் என்எஃப்டி மீது எனக்கு உண்மையான நம்பிக்கை பிறக்கிறது. விற்பனைப் பணத்தை வந்த உடனே பல வாலட்டுகளுக்குப் பிரித்து அனுப்பும்படி ஸ்மார்ட் காண்ட்ராக்டை, அதாவது பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரலை, அமைக்கலாம். பாடியவளுக்கு இவ்வளவு, வாசித்தவருக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதினால் பிறகு யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. அதற்கு முதலில் மனிதர்கள் உட்கார்ந்து விழுக்காட்டைப் பேசி முடிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. "டோக்கன் வாங்கு, பாட்டின் வருமானத்தில் பங்கு தருகிறேன்" என்று விளம்பரம் செய்தால் அது முதலீட்டுப் பத்திரமாகக் கருதப்படலாம். டிஜிட்டல் டோக்கன்களைப் பற்றிய ஆணை 2019 ஜனவரி முதல் நடப்பில் இருக்கிறது, பார்த்துக்கொள்வது முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செக்கியூரிட்டிஸ் கமிஷன். என்னைக் கேட்காமல் அந்த வார்த்தையை எழுதாதீர்கள். டெலிகிராமில் "மின்ட் கட்டணம்" (டோக்கன் உருவாக்கும் கட்டணம்) கேட்கிறவர்களுக்கும் பணம் போடாதீர்கள். வாலட்டைத் திறக்க உதவும் 12 இரகசியச் சொற்களைத் தாளில் எழுதி வீட்டில் பூட்டி வையுங்கள். போனில் படமெடுத்து வைக்காதீர்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை தம்பி உறுமி மாமாவைக் கூட்டி வந்தான், தோழியும் வந்தாள். மாமா கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "எனக்குப் பணமெல்லாம் வேணாம்மா, பேரு போட்டா போதும்" என்றார். பெயரும் ஓர் உரிமைதான் மாமா, பணமும் உரிமைதான் என்றேன். ஏ4 தாளில் தம்பியே எழுதினான்: வரி, மெட்டு, ஏற்பாடு 50, பல்லவிக் குரல் 20, உறுமி 30. மாமாவின் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. பேனாவை அழுத்திப் பிடித்து, முழுப் பெயரையும் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டார். உறுமியைக் கோயில் மண்டபத்தில் புதிதாகப் பதிவு செய்வதாக முடிவாயிற்று.

பீட்டுக்காரருக்குத் தனி உரிமம் கேட்டு நான் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை டோக்கன் போட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மறுத்துவிட்டால் அந்தப் பீட்டை விட்டுவிட்டு, உறுமியை மட்டும் வைத்தே பாட்டை மறுபடி கட்டலாம் என்கிறான் தம்பி.