கிரைண்ட்: சொல் விளக்கம்

பெயராகவும் வினையாகவும் வரும். வீடியோ விளையாட்டில் நிலையை உயர்த்தவோ அரிதான ஒன்றைப் பெறவோ ஒரே செயலைச் சலிக்கச் சலிக்கச் செய்வது. பேச்சில் 'கிரைண்ட் பண்றேன்', 'ஒரே கிரைண்டா இருக்கு'. காசும் பொருளும் சேர்க்கச் செய்தால் 'ஃபார்மிங்' என்பார்கள். இரண்டையும் கலந்து பேசுவோரே அதிகம்.

பழைய ஆங்கிலத்தில் 'கிரிண்டன்' என்றால் அரைப்பது, நொறுக்குவது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் விழுந்து விழுந்து படிப்பதை இப்படிச் சொன்னார்கள். விளையாட்டுக்காரர்கள் பின்னால் எடுத்துக்கொண்டார்கள். கொரியர்கள் இதற்கு 'நொகாதா' என்கிறார்கள். கட்டுமானக் கூலிவேலைக்கும் அங்கே அதே சொல்தான்.

அரக்கர்களைப் பிடித்து வளர்க்கும் இணைய ஆட்டங்களில் இந்தச் சொல் காதில் விழாத நாளே இல்லை. புல்வெளியில் நடக்க வேண்டும், சண்டை வரும், எதிரே நிற்பது வேண்டியதா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஓடிவந்து மறுபடி நடக்க வேண்டும். இந்த வகைக்கு முன்னோடியான போக்கிமானில், வழக்கமான நிறம் மாறி அரிதாக வரும் அரக்கனான 'ஷைனி' 1999இல் வந்தபோது, ஒரு சந்திப்பில் அது கிடைக்கும் வாய்ப்பு 8192க்கு 1. 2013இல் அது 4096க்கு 1 ஆனது. சரியாக 4096 சந்திப்பு முடித்தால் கிடைத்துவிடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அத்தனை முடித்த 100 பேரில் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடுதான் நிற்பார்கள். 'இவ்வளவு நேரம் போட்டாச்சு, இனி வந்துதானே ஆகணும்' என்பது நியாயமான ஆசை, ஆனால் ஆட்டத்துக்கு முந்தைய சண்டைகள் நினைவிருக்காது. 2006இல் வந்த போக்கிமான் டைமண்ட், பேர்ல் ஆட்டங்கள் இதைக் கொஞ்சம் இளக்கின: ஒரே இனத்தைச் சங்கிலி அறாமல் சந்தித்தால் 40 வரை வாய்ப்பு கூடிக்கொண்டே போகும்.

'கிரைண்ட் அதிகம்' என்பதை ஒருவர் வசையாகச் சொல்வார், இன்னொருவர் அதையே பாராட்டாகச் சொல்வார். கதை முடிந்தபின் நல்ல புள்ளிகளோடு ஓர் அணியைத் தேற்றுவதற்குள் வேலைக்குப் போனதுபோல் ஆகிவிடுகிறது என்பது முதல் கட்சி. எல்லோருக்கும் எளிதில் கிடைத்தால் அதைப் பண்டமாற்றில் யார் மதிப்பார்கள் என்பது எதிர்க்கட்சி. என் கண்ணுக்குக் குறை திரும்பச் செய்வதில் இல்லை, யோசிக்க எதுவும் இல்லாமல் செய்வதில் இருக்கிறது. 2022இல் முழுமையாக வெளியான டெம்டெம் என்ற இதே வகை இணைய ஆட்டத்தில் சண்டைகள் இரண்டுக்கு இரண்டு. களைப்பையும் கணக்கில் வைத்தே அடிக்க வேண்டும். முதலில் அது யோசிக்க வைக்கும். வலுவில்லாத எதிரிகளையே அடித்துக்கொண்டிருக்கும்போது அந்த யோசனைக்கும் வேலையில்லை, ஒவ்வொரு அடியின் அசைவூட்டமும் முடியும்வரை கை கட்டி உட்கார வேண்டியதுதான்.

தமிழில்? 'அரைத்த மாவையே அரைப்பது' முதல் கட்சிக்குக் கச்சிதம், விரும்பி ஆடுகிறவர் ஏற்கமாட்டார். 'உழைப்பு' மட்டும் என்றால் திரும்பத் திரும்ப என்பது விட்டுப்போகும். இலக்கியத்தில் 'உஞற்று' இருக்கிறது, முயன்று செய்வது என்று பொருள். ஊழையும் புறங்காட்டச் செய்வோர் 'தாழாது உஞற்றுபவர்' என்கிறது குறள் 620. வாய்ப்புக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை, ஆனால் அரட்டையில் தட்டச்சு செய்தால் ஒருவருக்கும் புரியாது. எழுத்துக்கு 'மீளுழைப்பு' என்பது என் பரிந்துரை. பேச்சில் கிரைண்டே இருந்துவிட்டுப் போகட்டும்.

எ-டு: 'மீளுழைப்பு மிகுந்த ஆட்டம்', 'ஷைனிக்காக மாங்கு மாங்குன்னு கிரைண்ட் பண்ணிட்டிருக்கான்.'