கரிச்சானுக்கு ஒரு குச்சி

உளுந்து வயலின் நடுவே பயிரைவிட உயரமாக ஒரு குச்சியை நட்டு, தலையில் குறுக்கே ஒரு கம்பைக் கட்டிவிட்டால், கொஞ்ச நாளில் அதில் ஒரு கரிச்சான் வந்து உட்கார்ந்துவிடும். இரட்டைவால் குருவி, கரிக்குருவி என்று ஊருக்கு ஊர் அதற்குப் பெயர் மாறும். வெட்டுக்கிளி தத்தினாலும், இலைமேல் புழு நெளிந்தாலும், அங்கிருந்தே பார்த்துவிட்டுப் பாயும். பிடித்ததைத் தூக்கிக்கொண்டு பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும்.

இந்தப் பறவைத் தாங்கியை எக்டேருக்கு 50 வைக்கச் சொல்கிறார்கள் வேளாண் துறையினர். ஏக்கருக்கு 20. ஏன் இத்தனை? உட்கார்ந்து பார்த்துப் பாயும் பறவை, இருக்கையைச் சுற்றிக் கொஞ்ச தூரத்துக்குள்தான் வேட்டையாடும். வரப்போரத்து மரமும் மின்கம்பியும் மட்டும் இருந்தால் வயலின் ஓரம் சுத்தமாகும், நடுவயல் புழுவுக்கே மிஞ்சும்.

எப்போது நடுகிறோம் என்பது அதைவிட முக்கியம். ஒரு கணக்குக்காக, ஒரு வயலுக்கு வரும் பறவைகள் நாளொன்றுக்கு நூறு புழு தின்னும் என்று வைத்துக்கொள்வோம். வயலில் ஐநூறு புழு இருந்தால் ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு காலி. ஐம்பதாயிரம் இருந்தால் அந்த நூறு கண்ணுக்கே தெரியாது. பறவையின் வயிறு சின்னது, புழுவோடு சேர்ந்து அது பெருகுவதில்லை. அதனால் பூச்சி வெடித்துப் பெருகிய பிறகு பறவையை நம்புவதில் பயனில்லை. பெருகவிடாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி ஒன்று பல நூறு முட்டை இடும். மற்ற பறவைகள் அடைந்த பிறகும் கரிச்சான் மங்கலான வெளிச்சத்தில் வேட்டையாடும், அந்துகள் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். முட்டையிடும் முன்பே ஒரு தாய் அந்து சிக்கினால் எத்தனை புழு குறையும் என்று பாருங்கள்!

இன்னொன்றும் உண்டு. நெதர்லாந்தின் பறவை ஆய்வாளர் லூக் டின்பெர்கன், பைன் காடுகளில் பட்டாணிக்குருவி இனப் பறவைகள் கூட்டுக்குக் கொண்டுவரும் இரையைக் கவனித்து எழுதியது 1960இல் வெளியானது. புதிதாக ஒரு வகைப் புழு தோன்றும்போது பறவைகள் முதலில் அதை அதிகம் தொடுவதில்லை. சில நாளில் திடீரென்று அதையே நிறையக் கொண்டுவரத் தொடங்கும். அந்தப் புழுவின் உருவம் கண்ணில் பதிந்துவிட்டது என்று விளக்கினார் அவர். பயிரின் இளம்பருவத்திலேயே தாங்கி நடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன். பறவைக்கும் பழக நாள் வேண்டும்.

சரி, பறவை தின்றதால்தான் பூச்சி குறைந்தது என்று எப்படித் தெரியும்? செடியை வலைபோட்டு மூடுவார்கள். பூச்சி நுழையலாம், பறவை நுழைய முடியாது. பிறகு மூடிய செடியையும் மூடாத செடியையும் ஒப்பிடுவார்கள். கோஸ்டாரிகாவின் காபித் தோட்டங்களில் இப்படிச் செய்த ஆய்வு 2013இல் வெளியானது. பறவைகள் வந்துபோன செடிகளில் காய்த்துளைப்பானின் தாக்குதல் ஏறக்குறைய பாதியாக இருந்தது. காய்க்குள் புகுந்துவிட்டால் மருந்துகூட எளிதில் எட்டாத, எள்ளளவு வண்டு அது. 1990இல் நீலகிரியின் கூடலூர்ப் பக்கம் தென்பட்டதிலிருந்து நம் காபி விவசாயிகளுக்கும் அது தலைவலிதான். தோட்டத்தை ஒட்டிக் காடும் மரங்களும் இருந்தால்தான் அந்தப் பறவைகள் வரும்.

தானியம் தின்னும் குருவிகளையும் விரட்டிவிட வேண்டாம். தூக்கணாங்குருவி நெல்லைக் கொத்தும், உண்மைதான். ஆனால் குஞ்சு வளரப் புரதம் வேண்டும் என்பதால், கூட்டுக்குப் புழுவும் பூச்சியும்தான் நிறையப் போகும்.

பறவையால் முடியாததும் இருக்கிறது. தண்டுக்குள் இருக்கும் குருத்துப்பூச்சியின் புழு அதற்கு எட்டாது. நெருக்கமான நெல்லின் தூரில் ஒட்டியிருக்கும் புகையானும் அப்படித்தான். நமக்கு நல்லது செய்யும் சிலந்தியையும் தேனீயையும் சேர்த்தே அது தின்னும். அப்புறம், கடும் விஷ மருந்து அடித்த வயலில் அதற்கு இரையும் இருக்காது, கிடைப்பதிலும் நஞ்சு இருக்கும். இரண்டையும் ஒரே வயலில் வைத்துக்கொள்ள முடியாது.

நெல், சோளம் போட்டவர்கள் கதிர் பால் பிடிக்கும் முன் தாங்கிகளைப் பிடுங்கிவிடுவது நல்லது. இல்லையென்றால் கரிச்சான் உட்கார்ந்த இடத்தில் கிளி உட்காரும். பிடுங்கிய குச்சிகளை இளம்பயிர் நிற்கும் அடுத்த வயலில் நட்டுவிடலாம்.