கடைசியாகச் சாப்பிட்ட கடையின் மேல் பழி போடாதீர்கள்

"இன்ன கடையில சாப்பிட்டதாலதான் இப்படி ஆச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க டாக்டர், பணத்தத் திருப்பிக் கேக்கணும்." இந்தக் கோரிக்கை இப்போது அடிக்கடி வருகிறது. போன வாரம் பாளையங்கோட்டையில் என் கிளினிக்குக்கு வந்த ஒரு தகப்பனார், மகனுக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே என் மருந்துச் சீட்டைப் படம் பிடித்து, ஆர்டர் செய்த ஆப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பையன் இரவு எட்டரைக்குச் சிக்கன் ரைஸ் சாப்பிட்டிருக்கிறான். ஒன்பது மணிக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். சாப்பிட்ட சோறு அந்த அரை மணி நேரத்தில் இரைப்பையைத் தாண்டியே முழுசாகப் போயிருக்காது. அதற்கு முந்தின நாட்களைப் பற்றிக் கேட்டேன். குடும்பத்தோடு குற்றாலம் போயிருக்கிறார்கள், வழியெல்லாம் ஐஸ் போட்ட ஜூஸ், வெட்டி வைத்த பழம் என்று சாப்பிட்டிருக்கிறார்கள். அதெல்லாம் அவர் கணக்கிலேயே இல்லை.

கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்ற நம்பிக்கையை மாற்றுவதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடுகிறது. ஏன் இது இவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்றால், வாந்தியில் வெளியே வருவது கடைசியாகச் சாப்பிட்டதுதான். புரோட்டாவும் சால்னாவும் வருவதைக் கண்ணால் பார்த்தபின், அதுதான் குற்றவாளி என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. எந்தக் காரணத்தால் வாந்தி எடுத்தாலும் கடைசி வேளைச் சாப்பாடுதானே வெளியே வரும்?

சாப்பிட்டதிலிருந்து நோய் தெரியும் வரை, கிருமிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு கால அளவு உண்டு. ஸ்டஃபைலோகாக்கஸ் நச்சு அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும், பெரும்பாலும் வாந்தி. வடித்து வெளியிலேயே வைத்த சோற்றில் பெருகும் பாசில்லஸ் சீரியஸ் கக்கும் நச்சுக்கு 1 முதல் 6 மணி நேரம். அதைத் திரும்பச் சூடு பண்ணினாலும் நச்சு அழியாது. அண்டாவில் மெதுவாக ஆறும் குழம்பில் வளர்கிற கிருமிக்கு 6 முதல் 24 மணி நேரம். நோரோவைரஸ் 12 முதல் 48 மணி நேரம். சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலும் வரும், ஆறு நாள் கழித்தும் வரும். டைபாய்டுக்கு ஒன்று இரண்டு வாரம் ஆகலாம். ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலைக்கு 15 முதல் 50 நாள். ஆகவே காய்ச்சலோடு பேதி என்று வந்தால் நான் விசாரிப்பது நேற்றையும் முந்தாநாளையும்தான், இன்றைய டிபனை அல்ல.

மலப் பரிசோதனை செய்தால் ஓரளவு தெரியும். ஆனால் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் செய்வதில்லை. மெடிக்கலில் சொல்லி இரண்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட்டு வருகிறவர்களுக்குச் செய்தாலும் கிருமி வளராமல் போய்விடுகிறது. நோய் என்ன, எப்போது தொடங்கியது, என்ன சாப்பிட்டதாக நீங்கள் சொன்னீர்கள் என்று நான் எழுதித் தரலாம். எந்தக் கடை என்று தீர்ப்பு எழுத என்னால் முடியாது. தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். கல்யாண வீட்டில் காலையில் ஆக்கிய கூட்டு மதியப் பந்தி முடியும் வரை அப்படியே இருக்கும். சாப்பிட்டவர்களில் நாலைந்து பேர் மறுநாள் என்னிடம் வருவார்கள். "சொந்தக்காரங்க வீட்டு விசேஷம், வெளிய சொல்லாதீங்க" என்பார்கள். அதே ஆட்களுக்கு மூலைக்கடை அண்ணாச்சி மேல் மட்டும் அந்தத் தயக்கம் வருவதில்லை. ஆதாரமில்லாமல் தெரு வாட்ஸ்அப் குழுவில் கடை பெயரைப் போட்டுவிடுகிறார்கள். ஐந்நூறு ரூபாய் தராவிட்டால் ரிவியூ எழுதுவேன் என்று மிரட்டிப் பணம் வாங்கியதை என்னிடமே பெருமையாகச் சொன்னவர் உண்டு. அது மிரட்டிப் பறித்த காசு. சரியாகச் சமைத்த கடைக்காரரிடம் பறித்திருந்தால் இன்னும் பாவம்.

சாப்பாட்டில் வாடை வருகிறது, நூல் விட்டிருக்கிறது, கறி வேகவில்லை என்றால் முதல் வாயிலேயே திருப்பிக் கொடுங்கள், பணத்தைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை, கூச்சப்படவே வேண்டாம். முக்கால் தட்டைக் காலி செய்துவிட்டுக் கேட்பது முறையில்லை.

சேர்ந்து சாப்பிட்டவர்களில் பலருக்கும், அதிலும் ஒரே பண்டத்தைத் தின்றவர்களுக்கு மட்டும், ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்திருந்தால் சந்தேகம் வலுவானது. அப்போது என் கோபம் வேறு பக்கம் திரும்பும். கடைக்காரர் கையில் பணத்தைத் திணித்து "வெளிய சொல்லாதீங்க" என்கிறார், பாதிக்கப்பட்டவரும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். அதே கறி அன்று இரவும் விற்பனையாகிறது. அடுத்து சாப்பிடப் போகும் பிள்ளையைப் பற்றி யார் நினைக்கிறார்கள்? பணத்தை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. வாயை மூடிக்கொள்ள வாங்குவதுதான் தவறு.

உணவு பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் சொல்லலாம். நுகர்வோர் உதவி எண் 1915. பில்லை வைத்திருங்கள், அதில் 14 இலக்க உரிம எண் இருக்கும். மீதிச் சாப்பாட்டைக் கொட்டிவிடாமல் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், பிள்ளைகள் கை படாத இடத்தில். உணவுப் பகுப்பாய்வுக் கூடம் நம் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. 2006-ம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 65-வது பிரிவில் உடல்நலக் கேட்டுக்கு 1 லட்சம் வரையும், கொடுங்காயம் என்றால் 3 லட்சம் வரையும், உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சமும் இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது. நிஜமாகவே பாதிக்கப்பட்டவர் ஒரு பிளேட் விலையோடு சமாதானமாகிப் போக வேண்டியதில்லை.

இதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரில் முழுசாகக் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பாதிப் பாக்கெட், பாதி டம்ளர் என்று உங்கள் இஷ்டத்துக்குக் கலக்காதீர்கள். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரை போடவே கூடாது. பிள்ளைக்கு ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழிந்திருக்கிறது, துவண்டு கிடக்கிறது என்றால் கடைக்காரரிடம் சண்டை போட நிற்காமல் ஆட்டோ பிடித்து நம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த நேரமானாலும் பார்ப்பார்கள்.