வளவு வீட்டில் குழந்தைகள் இல்லம்: தொடங்கும் முன்

செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும், வளவு (நடுமுற்றம்) வைத்த பெரிய வீட்டைப் பார்த்தால், இதில் ஐம்பது பிள்ளைகளை வளர்க்கலாமே என்று தோன்றும். கோயில் அறக்கட்டளை, சர்ச், ஜமாஅத் என யார் தொடங்கினாலும் தடுக்கி விழும் இடங்கள் ஒன்றுதான்.

முதலில் வீடு. பல பங்காளிகளுக்குப் பாத்தியப்பட்ட வீட்டில், ஒருவரின் வாய்ச்சொல்லை நம்பி இறங்காதீர்கள். எல்லோரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த குத்தகைப் பத்திரம் வேண்டும். அடுத்தது அளவு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளின்படி படுக்கும் இடத்தில் ஒரு பிள்ளைக்கு 40 சதுர அடி; ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. வளவைச் சுற்றியுள்ள அறைகள் பெரும்பாலும் சீர் சாமான் வைக்கக் கட்டியவை. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் மூன்று பேர்தான். சன்னல் இல்லாவிட்டால் அதுவும் ஆகாது. கழிப்பறை பின்கட்டுக்கு அப்பால் இருந்தால், சின்னப் பிள்ளை இருட்டில் அவ்வளவு தூரம் போகாது. படுக்கையிலேயே போய்விட்டுக் காலையில் திட்டு வாங்கும். கூடத்தை ஒட்டியே கழிப்பறை கட்டுங்கள், இரவு முழுக்க விளக்கு எரியட்டும். பின்வாசலைப் பூட்டிச் சாவியைக் காவலாளி எடுத்துப் போகும் வழக்கம் கூடவே கூடாது. சமையலுக்குக் கீற்றுக் கொட்டகையும் வேண்டாம்: 2004இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைக் கொன்ற தீ சமையற்கூடத்தின் கீற்றுக் கூரையில்தான் பிடித்தது.

அறக்கட்டளையைப் பதிவு செய்தாலே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 41இன்படி இல்லத்தைத் தனியாகப் பதிய வேண்டும். சான்றிதழ் ஐந்தாண்டுக்குச் செல்லும். ஊரைப் பொறுத்துச் சிவகங்கை அல்லது புதுக்கோட்டை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். பதியாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது குறைந்தது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும்.

பிள்ளையைப் பங்குத்தந்தை கொண்டுவந்தாலும், கோயில் டிரஸ்டி கொண்டுவந்தாலும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் (பிள்ளை எங்கே வளர வேண்டும் என முடிவெடுக்கும்) குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். தாய் உயிரோடு இருந்து, வறுமையால் விடவந்தால், சேர்க்கும் பேச்சுக்கு முன் ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் மாதம் 4,000 ரூபாய் உதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தகுதி இருந்தும் கேட்காதவர்கள் உண்டு. வீட்டில் வளர முடிகிற பிள்ளைக்கு இல்லம் தேவையில்லை.

நம்பிக்கை நடத்துபவருடையது, பிள்ளையிடம் அதைக் கட்டணமாக வசூலிக்கக் கூடாது. வழிபாட்டுக்கு வராத பிள்ளைக்குச் சாப்பாடு தாமதமாகக் கூடாது. பெயரை மாற்றாதீர்கள்: பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பள்ளியில் வேறொன்று என்றாகி, பத்தாம் வகுப்பில் தலைவலி தொடங்கும்.

நன்கொடையாளர்கள் சாந்திக் கல்யாணத்துக்கும் (அறுபதாம் கல்யாணம் போன்றவை) திதிக்கும் சாப்பாடு போடுவார்கள். முகூர்த்த மாதத்தில் பிரியாணி குவியும். ஆடியில் முட்டைக்கே பஞ்சம். எனவே துவரம்பருப்பு, சோப்பு, நாப்கின், வேன் வாடகை என்று ஒரு பட்டியலை நீட்டுங்கள். பிள்ளைகளோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட விடாதீர்கள். அடையாளத்தை வெளியிட்டால் அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74இன்படி ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ வரலாம்.

பதினெட்டு முடிந்ததும் வெளியேறும் பிள்ளைக்கு ஆதாரும் வங்கிக் கணக்கும் முன்பே இருக்க வேண்டும். பெற்றோரை இழந்த பிள்ளை என்றால், அவர்களின் இறப்புச் சான்றிதழை, பிள்ளை இல்லத்தில் சேர்ந்த மாதமே வாங்கிவிடுங்கள். பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்த ஆதரவற்ற பிள்ளைகள் தமிழகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உண்டு. ஆனால் அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்ந்திருந்தால்தான் அந்தச் சலுகை கிடைக்கும்.