கான்ஃப்ளிக்ட் டைமண்ட்: மோதலா, கலகமா?

வடலூர் அத்தை புதுச்சேரி நேரு வீதியில் ஒற்றைக்கல் மூக்குத்தி வாங்கினார். பில்லின் அடியில் பொடி எழுத்தில் ஓர் ஆங்கில உறுதிமொழி: இந்த வைரம் கான்ஃப்ளிக்ட்டுக்குப் பணம் போகும் வழியில் வந்ததல்ல, ஐ.நா. தீர்மானங்களுக்கு உட்பட்டது. "கான்ஃப்ளிக்ட்னா சண்டைதானே? மூக்குத்திக்கும் சண்டைக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார்.

இருக்கிறது. சியரா லியோனில் 1991 முதல் 2002 வரை நடந்த உள்நாட்டுப் போரில், கலகப் படை கோனோ பகுதி வைரத்தை விற்றுத் துப்பாக்கி வாங்கியது. அங்கோலாவில் யூனிட்டா என்ற கலகப் படையும் அதே வழிதான். 1998இல் அங்கோலா அரசின் சான்றிதழ் இல்லாத வைரத்தை வாங்க ஐ.நா. பாதுகாப்பு அவை தடை போட்டது. சொல் பரவியது அந்தச் சமயத்தில்தான். பிரசாரம் செய்தவர்கள் 'பிளட் டைமண்ட்' என்றார்கள், ஐ.நா. காகிதங்களில் அது 'கான்ஃப்ளிக்ட் டைமண்ட்'.

"நெய்வேலியிலயும்தான் நிலக்கரி இருக்கு. எவனும் துப்பாக்கியோட வரலையே?"

நல்ல கேள்வி. பழுப்பு நிலக்கரிக்கு மாடி உயர இயந்திரம் வேண்டும், பக்கத்திலேயே அனல் மின் நிலையம் வேண்டும். காட்டில் பதுங்கியிருப்பவன் அதை மூட்டை கட்டி விற்றுப் படை நடத்த முடியாது. கோனோ வைரமோ ஆற்று வண்டலில் கிடக்கிறது. மண்வெட்டி, சல்லடை, தண்ணீரில் நிற்க ஆள், அவ்வளவுதான். பல நாள் வரும்படி ஒரு சட்டைப்பையில் எல்லை தாண்டிவிடும். போட்ஸ்வானாவிலும் ஏராளமான வைரம் உண்டு. ஆனால் பாறைக்குள், பெரிய சுரங்கங்களில். அங்கே உள்நாட்டுப் போர் வரவில்லை. (நிர்வாகம் ஒழுங்காக இருந்ததும் ஒரு காரணம்.)

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மோதல் வைரம்' எனக்கு ஒட்டவில்லை. கடலூர்ப் பக்கம் மோதல் என்றால் சுருக்குமடி வலைத் தகராறுதான் நினைவுக்கு வரும். வேடிக்கை என்னவென்றால், வைரம் என்ற சொல்லுக்கே பகை என்றும் பொருள் உண்டு. கல்லைக் குறிப்பது வஜ்ரத்திலிருந்து வந்தது. பகையைக் குறிப்பது வேறொரு வடசொல், 'வைரி'யின் உறவு.

2003இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி ஏற்பாட்டின்படி (வைர வணிகத்துக்காக நாடுகள் சேர்ந்து வகுத்த சான்றிதழ் முறை), சட்டப்படியான அரசை எதிர்க்கும் கலகப் படைகளுக்குப் பணம் தரும் பட்டை தீட்டாத வைரமே கான்ஃப்ளிக்ட் டைமண்ட். ஆகவே 'கலக வைரம்' என்பேன். சிப்பாய்க் கலகம் என்கிறோமே, அந்தக் கலகம். 'குருதி வைரம்' இதைவிட அகலமான சொல். 2008இல் ஜிம்பாப்வேயின் மராங்கே பகுதியில் வைரம் தோண்டியவர்களைச் சுட்டது அரசின் ராணுவம். அது குருதி வைரம், ஆனால் கலக வைரமல்ல. அத்தையின் பில் தரும் உறுதி, இது கலக வைரமல்ல என்பதற்கு மட்டும்.