பொங்கல் தின்ற மாடு ஏன் படுத்துக்கொள்கிறது?

"ஒரு குண்டான் பொங்கல், பழம், வெல்லம், எல்லாத்தையும் ஆசையாத் தின்னுச்சு. மறுநாள் எந்திரிக்கல. திருஷ்டின்னு மிளகாய் சுத்திப் போட்டோம்." மாட்டுப் பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு வாசகர் எழுதியது. யார் கண்ணும் படவில்லை. சோறு மாட்டுக்குள்ளேயே புளித்துவிட்டது.

மாட்டின் நாலு வயிற்றறைகளில் முதலாவது ஒரு நொதித் தொட்டி என்பது பள்ளியில் படித்ததுதான். அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் வைக்கோலைச் சிதைத்து அமிலங்களாக்கித் தருகின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் சத்தில் பெரும்பங்கு அந்த அமிலங்கள்தான். அப்படியானால் தொட்டி ஏன் நாளெல்லாம் புளிக்காமல் இருக்கிறது?

எச்சில்! அசை போடும் மாட்டின் கழுத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ஓர் உருண்டை மேலே ஏறி வரும். ஐம்பது, அறுபது தடவை மெல்லும். விழுங்கும். சில நொடியில் அடுத்தது ஏறும். மெல்லும்போதெல்லாம் எச்சில் ஊறும். கறவைப் பசுவுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கும் மேல். நம் ஆப்பச்சோடாவில் இருக்கும், அமிலத்தை முறிக்கும் அதே பைகார்பனேட் அதிலும் உண்டு. மாடு தன் மருந்தைத் தானே காய்ச்சிக் குடிக்கிறது. நார் இருந்தால்தான் அசை, அசை இருந்தால்தான் எச்சில்.

குழைய வெந்த பொங்கலில் நார் ஏது? மாவுச்சத்தோ வெந்து திறந்து கிடக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா அதில் விழுந்து அரை மணிக்குள் இரட்டிப்பாகி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகிறது. தோசை மாவைப் புளிக்க வைக்கும் அதே அமிலம். 6, 7 என்றிருந்த பி.எச். அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5-க்கும் கீழே இறங்க, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் சாகின்றன. வயிற்றுநீரில் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தால், வழக்கமாகத் துள்ளித் திரியும் புரோட்டோசோவா என்ற ஒரு செல் உயிர்களில் ஒன்றுகூட அசையாது.

வயிற்றுநீர் அடர்த்தியாவதால் ரத்தத்திலிருந்து தண்ணீர் வயிற்றுக்குள் இறங்குகிறது. இடது வயிற்றைத் தட்டினால் களக்களக்கென்று சத்தம். கண்ணோ குழி விழுந்திருக்கும். வயிறு முழுக்கத் தண்ணீரோடு மாடு வறண்டுபோகிறது.

மருத்துவர் சோடா உப்பு கொடுப்பார், சலைன் ஏற்றுவார், முற்றிய நிலையில் வயிற்றைத் திறந்தே காலி செய்வார். பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்த வைத்தியம்: நல்ல மாட்டின் வயிற்றுநீரைத் துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாக நோயுற்ற மாட்டுக்குள் செலுத்துவது. செத்துப்போன ஊரில் புதுக் குடியேற்றம்! இப்படி வயிற்றுநீர் எடுக்க வசதியாக விலாவில் மூடி பொருத்திய மாடுகள் ஆராய்ச்சிப் பண்ணைகளில் உண்டு. மாவட்டத்துக்கு ஒன்று வைக்கப் பணம் ஒதுக்கினால் என்ன? மந்திரிக்க ஓடுகிற நேரமாவது மிச்சமாகும்.

பொங்கல் ஊட்டவே கூடாதா என்று அந்த வாசகர் கேட்டிருந்தார். ஊட்டுங்கள், வைக்கோல் தின்ற பிறகு, ஒரு கைப்பிடி. அக்கம்பக்கத்து வீடுகளிலும் அன்றைக்கு ஆளுக்கொரு கைப்பிடி ஊட்டுவார்கள் என்பதையும் கணக்கில் வையுங்கள். கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றுக்கும் இதே கணக்குத்தான்.